மணமெழுகு: வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பூக்கடையில் கதம்பம் கட்டுபவரின் விரல்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். நாலு மல்லி, ஒரு கொத்து கனகாம்பரம், நடுவில் ஒரு கிள்ளு மரிக்கொழுந்து, மறுபடி மல்லி. கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது, அது நிறத்துக்காக. மல்லி அன்று ராத்திரி முழுக்க மணந்துவிட்டு மறுநாள் காலையில் பழுப்பேறிப் போகும். மரிக்கொழுந்து மட்டும் வாடி, சருகாகி, தலையணைக்கடியில் கிடந்தாலும் மணந்துகொண்டே இருக்கும். முதலில் மூக்குக்கு வருவது ஒன்று, கடைசிவரை நிற்பது வேறொன்று. வாசனை சேர்க்கும் கலையில் இதைவிடப் பெரிய பாடம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

கடைகளில் 'சாலிட் பெர்ஃப்யூம்' என்று சின்ன டப்பாவில் விற்கிறார்களே, அதைத்தான் இங்கே மணமெழுகு என்கிறேன். மெழுகு, ஒரு தாவர எண்ணெய், வாசனைக்கு நறுமண எண்ணெய்கள். மூன்றே பொருள். ஆல்கஹால் இல்லை, தண்ணீர் இல்லை. சந்தனக் குழம்பையும் ஜவ்வாதையும் விரலில் தொட்டுப் பூசிப் பழகிய நமக்கு, தெளிக்காமல் பூசிக்கொள்ளும் வாசனை ஒன்றும் அந்நியமில்லை.

## எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்

தெளிக்கும் சென்ட் அறைக்குள் நுழைந்ததுமே தெரியும். மணமெழுகு அப்படியல்ல. ஆல்கஹால் சட்டென்று ஆவியாகி வாசனையைத் தூக்கிக்கொண்டு போகிறது. மெழுகோ அதைப் பிடித்து வைத்து, உடம்புச் சூட்டுக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பக்கத்தில் உட்காருபவருக்கு மட்டும் தெரியும், இரண்டு முதல் நான்கு மணி நேரம்வரை இருக்கும். பிறகு மறுபடி ஒரு தொடுகை. நாள் முழுக்க ஒரே பூச்சில் மணக்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். எனக்கு இந்த அடக்கம்தான் பிடித்திருக்கிறது. பேருந்திலும் அலுவலகத்திலும் அடுத்தவர் மூக்கில் போய் உட்காராத வாசனை இது.

## நறுமண எண்ணெய் வாங்குவது

பணமும் மனசும் வீணாவது இந்த இடத்தில்தான். 'எசென்ஷியல் ஆயில்' என்ற பெயரில் கடையில் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல.

செடியின் இலை, வேர், கட்டை, விதை இவற்றை நீராவியில் வடித்தோ, எலுமிச்சை ஆரஞ்சு போன்றவற்றின் தோலைப் பிழிந்தோ எடுப்பதுதான் நறுமண எண்ணெய். ஊதுபத்திக்கும் மெழுகுவத்திக்கும் சேர்க்கும் 'ஃப்ரேக்ரன்ஸ் ஆயில்' ஆய்வகத்தில் கூட்டிய வாசனை. இயற்கையான மணமெழுகு வேண்டும் என்றால் அது வேண்டாம். 'தாமரை எண்ணெய்', 'மழை மண் எண்ணெய்' என்று குறைந்த விலையில் கண்டால் சந்தேகப்படுங்கள்.

குப்பியில் தாவரத்தின் லத்தீன் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, எந்த முறையில் எடுத்தது, தயாரிப்புத் தேதி ஆகியவை இருக்க வேண்டும். ஒரே கடையில் எலுமிச்சைப்புல்லும் சந்தனமும் ஒரே விலைக்குக் கிடைத்தால், அந்தச் சந்தனம் சந்தனமல்ல. எலுமிச்சைப்புல் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். வெட்டிவேரைக் கொப்பரையில் போட்டால் ஒரு நாள் போலக் காய வேண்டும். சந்தனமோ, மரம் வயிரம் பாய்வதற்கே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய சரக்கு.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு எளிய சோதனை உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு ஒரு நாள் வையுங்கள். ஆரஞ்சு, லேவண்டர் மாதிரி லேசான எண்ணெய்கள் ஏறக்குறைய முழுசாகப் பறந்துவிடும். பஜ்ஜி வைத்த தாள்போல எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறார்கள். வெட்டிவேர், பச்சோலி, சந்தனம் ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவை சுத்தமாக இருந்தாலும் அடையாளம் விட்டுத்தான் போகும்.

ஆரம்பத்தில் ஐந்து குப்பி போதும்: ஆரஞ்சு, லேவண்டர், ஜெரேனியம், வெட்டிவேர், பச்சோலி. எல்லாவற்றிலும் 5 அல்லது 10 மில்லி. இந்த ஐந்தின் குணத்தைப் படித்த பிறகு மல்லிகைக்கும் சந்தனத்துக்கும் போகலாம். நம் ஊர்ச் சரக்கில் தொடங்குபவர்களுக்கு வெட்டிவேரை முதலில் சொல்வேன். கடலூர் மாவட்டக் கரையோர மணலில் விளையும் வேர் அது. நல்ல வெட்டிவேர் எண்ணெய் பாகுபோல மெதுவாகத்தான் சொட்டும்.

## மல்லிகைக்குத் தனியாக ஒரு பேச்சு

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: "அரைக் கிலோ மல்லியைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சினால் வாசம் இறங்காதா?" இறங்காது. நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். கிடைத்தது வதங்கிய கீரை மாதிரி ஒரு வாடை.

மல்லியின் வாசனை சூட்டைத் தாங்காது. அதனால்தான் அதைப் பெரும்பாலும் நீராவியில் வடிப்பதில்லை. ஹெக்ஸேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, மெழுகுபோன்ற 'காங்க்ரீட்' எடுப்பார்கள். அதை ஆல்கஹாலில் கழுவி எடுப்பது 'அப்சலூட்'. சத்தியமங்கலம், கோவை, திண்டுக்கல் பக்கம் இதற்கான ஆலைகள் இருக்கின்றன. ஒரு கிலோ அப்சலூட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ போகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி உள்பட நம் குண்டுமல்லி ஒரு வகை. பிச்சி, சாதிமல்லி என்று நாம் சொல்வது வேறு வகை. இரண்டின் அப்சலூட்டும் வேறு வேறு வாசனை, குப்பியில் எது என்று பார்த்து வாங்குங்கள். கரைப்பானே தொடாத பொருள்தான் வேண்டும் என்பவர்கள் அப்சலூட்டைத் தவிர்த்துவிடலாம்.

ஆனால் பொறுமை இருந்தால் வேறொரு வழி உண்டு. மல்லி பறித்த பின்னும் உயிரோடிருக்கிறது. காலையில் பறித்த மொட்டு மாலையில் விரியும்போதுதான் வாசனையையே தயாரிக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் கொழுப்பு இருந்தால் அது வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். பிரான்சின் கிராஸ் நகரத்தில் கண்ணாடித் தட்டில் விலங்குக் கொழுப்பைத் தடவி இதைச் செய்தார்கள். வட இந்தியாவின் கன்னோஜ் பக்கம் எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காக வைத்து, வாசம் ஏறிய எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள்.

நம் வீட்டில் செய்வதென்றால், வாசனை சேர்க்காத மெழுகுக் கலவையை (அளவு கீழே வரும்) எவர்சில்வர் தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றி உறையவிடுங்கள். சாயங்காலம், விரியப்போகும் மொட்டுகளைக் காம்பு கிள்ளி அதன்மேல் பரப்பி, இன்னொரு தட்டால் மூடுங்கள். காலையில் பூவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அன்று மாலை புதுப்பூ. குறைந்தது பத்துப் பதினைந்து ராத்திரி. முக்கியமான ஒன்று, பூ ஈரமாக இருக்கக் கூடாது. பூக்காரர் தண்ணீர் தெளித்த பூவை வாங்கினால் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும். தோட்டத்துப் பூவாக இருந்தால் நல்லது, இல்லையேல் "தண்ணி தெளிக்காத மொட்டா குடுங்கக்கா" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கிடைக்கும் வாசனை மெல்லியதுதான், ஆனால் அசல் மல்லி. ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

## மெழுகும் தாங்கும் எண்ணெயும்

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி சூட்டில் உருகும். அதனால் நம் வெயிலிலும் உருவம் கலையாது. தேனீ வளர்ப்பவர்களிடம் கிடைத்தால் அதுவே மேல். மார்த்தாண்டம் பக்கம் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அசல் மெழுகில் தேன் வாசம் இருக்கும், நிறம் மஞ்சள். அந்தத் தேன் வாசம் மல்லி போன்ற மென்மையான பூ வாசனையை மறைக்கும் என்று நினைத்தால், வடிகட்டி வெளுத்த மெழுகு வாங்குங்கள். தேன்மெழுகு வேண்டாம் என்பவர்களுக்குக் கேண்டலில்லா என்ற செடி மெழுகு உண்டு. அது இன்னும் கடினம், பாதி அளவு போதும்.

தாங்கும் எண்ணெயில் என் முதல் தேர்வு ஜோஜோபா. உண்மையில் அது எண்ணெயே அல்ல, திரவ நிலையில் இருக்கும் ஒரு மெழுகு. எளிதில் சிக்கு வாடை வராது, தனக்கென்று மணமும் இல்லை. விலை கட்டுப்படியாகாவிட்டால் சுத்திகரித்த தேங்காயெண்ணெய். செக்கெண்ணெய் சமையலுக்கு அருமை, இங்கே மட்டும் வேண்டாம், எதைச் சேர்த்தாலும் தேங்காய் வாசம் முன்னால் வந்து நிற்கும். நல்லெண்ணெய்க்கும் இதே காரணம். விளக்கெண்ணெயைக் கொஞ்சம் சேர்த்தால் வாசனை கூடுதல் நேரம் நிற்கிறது, பிசுபிசுப்பும் கூடுகிறது. மொத்த எண்ணெயில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம்.

20 கிராம் மணமெழுகுக்கு, அதாவது 10 கிராம் டப்பா இரண்டுக்கு, அளவு இது: தேன்மெழுகு 5 கிராம், தாங்கும் எண்ணெய் 13 கிராம், நறுமண எண்ணெய்கள் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 2 கிராம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் மெழுகை 4 கிராமாகக் குறைக்கலாம். சென்னை, வேலூர் கோடையில் செய்தால் 6 கிராம். குறைத்ததையும் கூட்டியதையும் எண்ணெயில் ஈடுகட்டிக்கொள்ளுங்கள். என் முதல் டப்பாவைச் சித்திரை மாதம் கைப்பையோடு ஸ்கூட்டர் பெட்டியில் மறந்து வைத்துவிட்டேன். அதில் மெழுகு மிகக் குறைவு. மாலையில் கைப்பை முழுவதும் வெட்டிவேர் வாசம், டப்பா காலி. அதிலிருந்து கோடைக்கு 6 கிராம்தான்.

## தேவையான சாமான்கள்

0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு கட்டாயம். கரண்டி அளவில் இந்த வேலை நடக்காது. சூடு தாங்கும் ஒரு கண்ணாடிக் குவளை, அதை உட்கார வைக்க ஒரு பாத்திரம், குச்சி ஐஸ் குச்சி ஒன்று, நறுமண எண்ணெய் கலக்க ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, சொட்டுவான்.

டப்பாவுக்கு அலுமினியம், எவர்சில்வர், கண்ணாடி மூன்றும் சரி. வெள்ளிக் குங்குமச் சிமிழ் வீட்டில் சும்மா இருந்தால் அதைவிட அழகான கூடு இல்லை. பித்தளை, செம்புச் சிமிழ் வேண்டாம். செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெட்டு, ஓரத்தில் பச்சை படரும். உள்ளே பூச்சில்லாத மரச் சிமிழ் எண்ணெயைக் குடித்துவிடும்.

## வாசனையைக் கோர்ப்பது

கதம்பத்துக்குத் திரும்புவோம். ஆரஞ்சு, எலுமிச்சைப்புல், ஏலக்காய் போன்றவை சட்டென்று மூக்குக்கு வந்து, அரை மணியில் விலகிவிடும்: இவை மேல்மணம். லேவண்டர், ஜெரேனியம், மல்லி எல்லாம் நடுமணம். வெட்டிவேர், பச்சோலி, சந்தனம் அடிமணம், கடைசிவரை நின்று மற்றவற்றையும் பிடித்து வைப்பவை. புதிதாகச் செய்பவர்கள் மேல்மணத்தில் மயங்கி ஆரஞ்சையே கொட்டுவார்கள். பூசி அரை மணி கழித்துத் தோலில் மெழுகு வாசம்தான் இருக்கும். அடிமணத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

துளியாக விடுவதற்கு முன் காகிதத்தில் பாருங்கள். கெட்டித்தாளை நீளவாக்கில் நறுக்கி, துண்டுக்கு ஒரு எண்ணெய் தொட்டு, இரண்டு மூன்றைச் சேர்த்து விசிறிபோல் பிடித்து மூக்குக்குக் கீழே ஆட்டுங்கள். அப்போது ஒருமுறை, அரை மணி கழித்து ஒருமுறை, இரண்டு மணி கழித்து ஒருமுறை முகருங்கள். மூக்கு சோர்ந்தால் வெளியில் போய்க் காற்று வாங்கி வாருங்கள்.

கீழே உள்ள மூன்றும் 20 கிராம் மணமெழுகுக்கான அளவு. தோராயமாக 20 துளி ஒரு மில்லி.

வேர் வாசம்: ஆரஞ்சு 12 துளி, லேவண்டர் 10, ஜெரேனியம் 6, வெட்டிவேர் 8, பச்சோலி 4. ஐந்து அடிப்படைக் குப்பிகளிலேயே முடிந்துவிடும், தவறவே தவறாது.

ராத்திரி மல்லி: குண்டுமல்லி அப்சலூட் 4 துளி, சந்தனம் 8, ஆரஞ்சு 10, ஏலக்காய் 3, வெட்டிவேர் 3. மல்லி நான்கு துளிதானா என்று தோன்றும். அதைத் தாண்டினால் இனிமை திகட்டி, ஒருவித மக்கல் வாடை தலைதூக்கும்.

மரிக்கொழுந்து: மரிக்கொழுந்து எண்ணெய் 2 துளி, வெட்டிவேர் 10, லேவண்டர் 8, எலுமிச்சைப்புல் 3. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோயில் பிராகாரத்தில் உதிர்ந்து கிடக்கும் மாலையின் வாசம் இதில் இருக்கிறது. மரிக்கொழுந்து எண்ணெய், 'தவனம்' என்ற பெயரிலும் கிடைக்கும்.

## தோலைக் காப்பது

இயற்கை என்பதாலேயே ஒன்றும் பாதுகாப்பாகிவிடாது. இலவங்கப்பட்டை எண்ணெயை இந்த வேலையில் சேர்க்கவே வேண்டாம், தோலை எரிக்கும். கிராம்பு 20 கிராமுக்கு ஒரு துளி போதும். எலுமிச்சைப்புல் 3 துளியைத் தாண்ட வேண்டாம். சந்தனமும் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குள் இருக்கட்டும். பிழிந்தெடுத்த பெர்கமோட், லைம் எண்ணெய்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கருந்திட்டும் கொப்புளமும் வரும். நம் ஊர் வெயிலுக்கு அவை ஆகாது. இனிப்பு ஆரஞ்சு எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை.

செய்து முடித்ததும் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் முழுக்கக் கழுவாமல் பாருங்கள். அரிப்போ சிவப்போ இருந்தால் பயன்படுத்தாதீர்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே. கைக்குழந்தைகளுக்குப் பூச வேண்டாம். குப்பிகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், நீலகிரித் தைலமும் கற்பூரமும் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு ஆபத்து.

## செய்முறை

1. கலவை முதலில். நறுமண எண்ணெய்களைச் சின்னக் குப்பியில் துளி எண்ணி விட்டு, மூடி, இரண்டு நாள் இருட்டில் வையுங்கள். அவை ஒன்றோடொன்று பழகியபின் வாசனையே மாறியிருக்கும். ஒவ்வொரு துளியையும் நோட்டில் எழுதுங்கள். "கண்ணளவாப் போட்டேன், அருமையா வந்துச்சு" என்று சொன்னவர்கள் யாரும் அதே வாசனையைத் திரும்பக் கொண்டுவந்ததில்லை.

2. எல்லாம் காய்ந்திருக்கட்டும். குவளை, குச்சி, டப்பா எதிலும் ஈரம் கூடாது. இதில் பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காமல் தப்பிக்கிறோம் என்றால், தண்ணீர் இல்லாததால்தான்.

3. மெழுகை உருக்குதல். பாத்திரத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் தீயைச் சிம்மில் வைத்து, மெழுகு போட்ட குவளையை உள்ளே நிறுத்துங்கள். நேரடித் தீயில் வைக்கக் கூடாது. மெழுகு முழுக்க உருகியபின் எண்ணெயை ஊற்றுங்கள். குளிர்ந்த எண்ணெய் பட்டதும் மெழுகு திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டாம், மறுபடி தெளியும்வரை கிளறுங்கள்.

4. கரண்டிப் பதம். குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியில் ஒரு சொட்டு விட்டு, உறைந்ததும் விரலால் தேயுங்கள். வெண்ணெய்போல வழுக்கினால் மெழுகு போதவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தால் எண்ணெய் போதவில்லை. விரல் சூட்டில் மெல்ல இளகி ஒட்டுவதே பதம். சரிசெய்வது இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும்.

5. அடுப்பை அணையுங்கள். நறுமண எண்ணெய்கள் எளிதில் தீப்பிடிப்பவை. குவளையை வெளியே எடுத்துத் துடைத்து, ஓரத்தில் மெல்லிய வெண்படலம் தெரிய ஆரம்பிக்கும்வரை காத்திருங்கள். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் மேல்மணம் சமையலறைக்குத்தான் போகும்.

6. சேர்த்து ஊற்றுங்கள். கலவையை ஊற்றி அரை நிமிடம் கிளறி, உடனே டப்பாக்களில் ஊற்றுங்கள். அசைக்காமல் திறந்தபடி வைத்து, ஆறியதும் மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து அவசரப்படுத்தினால் நடுவில் குழி விழும், வெடிப்பும் வரும்.

7. கழுவும் முன் துடையுங்கள். குவளையைச் சூடாக இருக்கும்போதே பழந்துணியால் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள். மெழுகு குழாய்க்குள் போனால் சிங்க் அடைத்துக்கொள்ளும்.

மறுநாளே பூசலாம். ஆனால் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் மூடி வையுங்கள். புதிதில் ஆரஞ்சு ஒரு பக்கம், வெட்டிவேர் ஒரு பக்கம் என்று தனித்தனியாகத் தெரிபவை, பிறகு ஒரே வாசனையாக இணைந்திருக்கும்.

## கோளாறு வந்தால்

மேலே எண்ணெய் முத்து முத்தாக வியர்த்தால் நறுமண எண்ணெய் கூடிப்போயிருக்கும், அல்லது சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டிருக்கும். துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மிக இளகியோ கல்போலவோ இருந்தால் தண்ணீர்ச் சூட்டில் மெதுவாக உருக்கி, மெழுகையோ எண்ணெயையோ அரை கிராம் கூட்டுங்கள். மறுபடி உருக்கும்போது மேல்மணம் கொஞ்சம் போய்விடும், இரண்டு மூன்று துளி ஆரஞ்சோ லேவண்டரோ திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். பழைய முறுக்கு டின் மாதிரி சிக்கு வாடை வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை, எறிந்துவிடுங்கள்.

விற்பனைக்குச் செய்வதாக இருந்தால், அழகுசாதனப் பொருள் தயாரிப்புக்கு உரிமம் வேண்டும் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கு அது தேவையில்லை.

## பூசுவதும் வைப்பதும்

சுத்தமான விரலால் வட்டமாக இரண்டு சுற்று தேய்த்து, மணிக்கட்டு, காதின் பின்புறம், முழங்கை மடிப்பு, கழுத்துக்குழி என்று சூடு தெரியும் இடங்களில் ஒற்றுங்கள். குளித்தவுடன், தோல் லேசாக ஈரப்பதமாக இருக்கும்போது பூசினால் கூடுதல் நேரம் நிற்கும். முகத்துக்கு வேண்டாம். பட்டுப்புடவையில் பட்டால் எண்ணெய்க் கறை விழும், பூசி ஐந்து நிமிடம் கழித்தே உடுத்துங்கள்.

டப்பாவின் அடியில் தேதியையும் கலவையின் பெயரையும் ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஜோஜோபாவில் செய்தது ஒரு வருடம் இருக்கும், மற்ற எண்ணெய்களில் ஆறு மாதக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தீர்ந்த டப்பாவை உடனே கழுவிவிடாதீர்கள். மூடியைக் கொஞ்சம் திறந்து, புடவை அடுக்கின் ஓரத்தில், துணி மேலே படாதபடி வையுங்கள். ஆரஞ்சும் லேவண்டரும் எப்போதோ போயிருக்கும். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் வெட்டிவேர் இன்னும் சில வாரம் இருக்கும்.